ஆடாத உறி

என் வீட்டு உறி ஆடாது. இந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒன்பதாம் மாடி தேசம்மா கட்டிய உறியா, அது ஆடாது என்று. இதை நானே ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது பெருமைக்குச் சொல்லவில்லை. வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஏரி உடைந்து எங்கள் மீனவக் குப்பத்துக்குள் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. வீடு, கிணறு, கோயில் வாசல் எல்லாம் ஒரே நாளில் சாம்பல் சேறாகிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று சட்டங்கள் வந்தன. தரையில் விளைந்ததைத் தின்னக் கூடாது. தரையில் குடியிருக்கக் கூடாது. தரையை மிதித்தவர்கள் மறுபடி மாடி ஏறக் கூடாது. எங்களை அள்ளிக்கொண்டுபோய் இந்தக் கட்டடத்தில் அடைத்தார்கள். ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு ஜன்னல். அறைக்கு ஆறு பேர் என்றால் தரை என்பது படுக்க மட்டும்தான். நின்றுகொண்டு தூங்கப் பழகியிருந்தால் இன்னும் ஆறு பேரைச் சேர்த்திருப்பார்கள்.

அரிசி பறக்கும் வண்டியில் ஜன்னலுக்கே வந்துவிடும். காய்கறிக்கு வழி இல்லை. அப்போது மிச்சம் இருந்த ஒரே இடம் தலைக்கு மேலே இருந்த இடம். பாதியாக வெட்டிய தண்ணீர்க் கேனில் தேங்காய் நார்த்தூளைப் போட்டு, செடியை நட்டு, கூரையிலிருந்து தொங்கவிடுங்கள் என்றார்கள். செடிக்குப் புளிப்பான ஊட்டத்தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும். பதினான்காம் மாடிக் கேனிலிருந்து சொட்டி, பதின்மூன்றுக்கு வந்து, அங்கிருந்து பன்னிரண்டுக்கு என்று கடைசிவரை இறங்கும். பிறகு பம்பு அதே தண்ணீரை மேலே ஏற்றிவிடும். ஒரு சொட்டு வீணாகாது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

தொங்கவிடும் வேலையை எங்களிடமே விட்டுவிட்டார்கள். முடிச்சுப் போடுவது எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதா என்ன? கிழிந்த வலைகளை எல்லாம் உறிகளாகப் பின்னினோம். ஆறு மாதத்தில் கட்டடம் முழுக்கத் தலைக்கு மேல் தக்காளியும் கத்தரிக்காயும் முள்ளங்கியும் பீட்ரூட்டும் தொங்கின. நிமிர்ந்து நடக்கிறவன் நெற்றியில் வெண்டைக்காய் இடிக்கும்.

ஒரே தொல்லை கடல்காற்று. உறிகள் ஆடி, கேன்கள் ஒன்றோடொன்று மோதி, தண்ணீர் வேறெங்கோ சொட்டும். ஒன்றிரண்டு அறுந்து தலைமேலும் விழுந்தன. அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான். வலை தண்ணீரில் ஒழுங்காக நிற்க அதன் அடியில் ஈயக்குண்டு கட்டுவோம் அல்லவா, அதே குண்டுகளைக் கழற்றி ஒவ்வொரு கேனின் அடியிலும், நார்த்தூளுக்குக் கீழே, நாலைந்து போட்டேன். உறி அசையாமல் நின்றது. மறுநாளே வரிசையாக ஆள் வந்துவிட்டார்கள், எங்க வீட்டுக்கும் போட்டுக் குடு தேசம்மா என்று.

கேனில் புதிதாக எதைப் போட்டாலும் கட்டடக் கணினியிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அது ஒவ்வொரு தாழ்வாரத்திலும் சுவரிலிருந்து பேசும். பக்கத்து வீட்டுச் சகாயராணி அன்று என்னோடு நின்றிருந்தாள்.

"எடைக்கு எந்தப் பொருள் இடப்படுகிறது?" என்றது கணினி.

"ஈயம்."

"ஈயம். சமையல் பாத்திரங்களுக்கு உகந்த உலோகம். உணவோடு சேரலாம். அனுமதி வழங்கப்படுகிறது."

ராணிக்கு மட்டும் சந்தேகம். "ஏண்டி, துன்ற செடியாச்சே. உள்ளாற போட்டா ஒன்னும் ஆவாதா?"

"ஈயச் சொம்புல ரசம் வெச்சித் துன்னதில்ல நீ? அதுக்குன்னே தனி ருசி சொல்லுவாங்க. உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ராணியும் சிரித்தாள். பதினான்கு மாடிக்கும் என் கையாலேயே போட்டுக் கொடுத்தேன்.

இருபத்திரண்டு வருடம் ஓடியது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பவளா பிறந்தாள், அவள் அப்பா மொட்டைமாடித் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். பிறகு நானும் பவளாவும் மட்டும்தான். பக்கத்து வீட்டில் ராணியும் அவள் மகள் ஷைனியும். பவளாவும் ஷைனியும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள்.

நீலக்கோடு வந்தது ஆறு வருடங்களுக்கு முன்னால். பிள்ளைகளின் ஈறில், பல் முளைக்கும் இடத்தை ஒட்டி, பேனாவால் கீறியதுபோல நீலமாக ஒரு கோடு. கோடு விழுந்த பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும், படித்ததை மறக்கும், கை நடுங்கும். தரை நஞ்சுதான் காரணம் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டார்கள். யாரோ திருட்டுத்தனமாகக் கீழே போய் வருகிறார்கள், அவர்கள் காலோடு நஞ்சு மாடி ஏறுகிறது என்றார்கள். நாங்களும் நம்பினோம். கீழே இருப்பதைப் பார்த்துப் பயப்படத்தானே எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலையில், ஆய்வாளர் புகழேந்தி டார்ச்சோடு வீடு வீடாக வருவார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். பிள்ளையின் உதட்டை ஒரு குச்சியால் தூக்கிப் பார்ப்பார். கோடு இருந்தால் அன்றைக்கே லிஃப்டில் கீழே அனுப்பிவிடுவார்கள். பெற்றவள் கூடப் போகலாம், திரும்பி வர முடியாது. கீழே போனவர்கள் வருடம் தாண்ட மாட்டார்கள் என்று பேச்சு. பார்த்தவர் யாருமில்லை.

ஒரு புதன்கிழமை பவளாவுக்குப் பல் தேய்த்துவிடும்போது அந்தக் கோட்டைப் பார்த்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாம்மா பாக்குற?"

"ஒன்னுமில்ல. வாய மூடு."

"கோடா? ஷைனிக்கும் கீதும்மா. நாங்க ரெண்டு பேரும் கண்ணாடில பாத்துக்கினோம்."

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. எட்டு வயதுப் பிள்ளையைச் சாம்பலுக்குள் அனுப்புவதா? என் உயிர் இருக்கும்வரை நடக்காது என்று முடிவு செய்தேன். வழியும் தோன்றியது. பவளா படுக்கும் இடத்துக்கு நேர் மேலே என் உறிகளிலேயே பெரிய உறி தொங்கியது. அறுந்து பிள்ளைமேல் விழுந்துவிடக் கூடாதே என்று அதற்கு இரட்டைக் கயிறு, காற்றுக்கு அசையாமல் இருக்க மற்றதைவிட நாலு குண்டு அதிகம். அதில் பீட்ரூட் போட்டிருந்தேன். ஒன்றைப் பிடுங்கி நறுக்கி அவள் ஈறில் தேய்த்தேன். வாய் முழுக்கச் சிவந்துவிட்டது, கோடு தெரியவில்லை. மிச்சத்தை வீணாக்குவானேன் என்று அவளையே தின்னச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை புகழேந்தி வந்தார். உதட்டைத் தூக்கினார். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"என்னம்மா, வாயெல்லாம் இப்படிச் சிவந்து கிடக்கு?"

"பீட்ரூட் சார். எந்நேரமும் பச்சையாவே கடிச்சிக்கினு கீறா."

"கொஞ்சம் தண்ணி குடுங்க. கொப்பளிக்கட்டும், பார்த்துட்டுப் போயிடறேன்."

சொம்பை எடுக்கப் போனவள் நடுவில் நின்றேன். இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். யாரும் என் வாயைப் பிடித்துப் பேச வைக்கவில்லை, நான்தான் பேசினேன்.

"சார், பக்கத்து வீட்ல போய்ப் பாருங்க மொதல்ல. அந்தப் பொண்ணுக்குக் கோடு கீது. போன தடவ ஒளிச்சி வெச்சிட்டாங்க."

அவர் விருட்டென்று போனார். அரை மணி நேரத்தில் ராணி ஒரு பையோடும் ஷைனியோடும் தாழ்வாரத்தில் நின்றாள். அக்கம்பக்கத்தார் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். நான் சாத்தியிருக்கலாம். ஏனோ நின்றுகொண்டிருந்தேன்.

"நீயா சொன்ன?" என்று கேட்டாள் ராணி.

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

பக்கத்தில் சிவந்த வாயோடு நின்ற பவளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ராணியும் அந்த வாயைப் பார்த்தாள். ஷைனியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். அந்தக் களேபரத்தில் புகழேந்தி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வர மறந்துவிட்டார்.

எங்கள் எல்லா வீட்டு அடுப்படியிலும் டக்ட்டைப் பார்த்து ஒரு சின்னத் திறப்பு உண்டு. பதினான்கு மாடிக்கும் குழாய்கள் போகும் அந்த நீளமான பொந்து கீழே தரைவரை போகிறது. பகலிரவு பம்பு சத்தம்தான் அதில் கேட்கும். மதியம் இரண்டு மணிக்கு மட்டும் அரை மணி நேரம் பம்பை நிறுத்துவார்கள். ராணி போன பன்னிரண்டாம் நாள், பம்பு நின்ற நேரத்தில், அடியிலிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

"தேசம்மாவ்... ஏய், ஒம்போதாவது மாடி தேசம்மாவ்..."

ராணியின் குரல்தான். மீனுக்கு ஏலம் கூவி வளர்ந்த குரல், அதை மறந்துவிட முடியுமா?

"தேசம்மாவ்! ஈ..."

அடுத்ததை எதிரொலி தின்றுவிட்டது. எனக்கு அந்த "ஈ" போதுமாக இருந்தது. ஈறு! பவளாவின் ஈறைப் பற்றிக் கட்டடத்துக்கே கூவிச் சொல்கிறாள். நான் அவள் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தேன், இப்போது அவள் என் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறாள். பழைய புடவை ஒன்றைச் சுருட்டித் திறப்பில் திணித்தேன். அதற்குமேல் நார்த்தூள் சாக்கை வைத்து அடைத்தேன். பிறகும் விட்டுவைத்தேனா? எட்டாம் மாடிக்காரியும் பத்தாம் மாடிக்காரியும் கேட்டபோது, தரைக்குப் போனவள் சாபம் விடுகிறாள், காது கொடுத்தால் நமக்கும் ஒட்டும் என்று சொல்லி அவர்கள் திறப்புகளையும் அடைக்க வைத்தேன்.

மூன்று மாதம் பவளாவை ஒளித்து வைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பே, கொப்பளித்தாலும் சிவப்பு போகாதபடி, பீட்ரூட் தொடங்கிவிடும். பிள்ளை துவள ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உடம்பில் தெம்பில்லை, அதனால்தான் என்று இன்னும் நாலு கீரையைப் பறித்துக் கடைந்து ஊட்டினேன். ஒருநாள் சிலேட்டில் தன் பேரை எழுதச் சொன்னேன். "ப" எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது. தூக்கு என்றால் தோளைத் தூக்குவாள், கை மட்டும் தொங்கிக்கொண்டு ஆடும். அவள் தலைக்கு மேலே என் உறி ஆடாமல் நின்றது.

பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு, எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், தாழ்வாரத்தில் விழுந்தாள், வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. புகழேந்தி ஓடி வந்தார். உதட்டைத் தூக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, வாய் தானாகத் திறந்துகிடந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. லிஃப்டுக்குள் ஏறியபோது பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடிக்க உதவினார். கதவு மூடும்போது, தன் கைகளைச் சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் திறந்ததும் சாம்பலைத்தான் எதிர்பார்த்தேன். கண்ணெதிரே மண் இருந்தது. பாத்தி பாத்தியாகக் கீரை. கயிற்றில் துணி காய்ந்தது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மேலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள், செத்துப்போயிருப்பார்கள் என்று நாங்கள் அழுது முடித்த பிள்ளைகள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள். வளர்ந்திருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"அம்மா, தேசம்மா அத்த வந்துகீறாங்க!" என்று கத்தினாள் ஷைனி.

ராணி பாத்தியிலிருந்து எழுந்து வந்தாள். முதலில் பவளாவை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"மூணு மாசமாக் கத்துனனே. காது செவிடாப் போச்சா உனுக்கு?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா வரல?"

"ஈறுன்னு நெனச்சேன் ராணி. பவளா ஈறப் பத்தி ஊருக்கே சொல்றியோன்னு..."

"ஈயம்டி! ஈயத்த எடுறின்னு கத்துனேன்!"

தாவூத் பாய் என்று ஒருவர் அங்கே இருந்தார். ஒரு காலத்தில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவர், சாம்பல் வந்தபோது தரையை விட்டு வர மாட்டேன் என்று தங்கிவிட்டவர். பிள்ளைகள் வர வர ஒவ்வொருவர் ரத்தமாகச் சோதித்துப் பார்த்தவர். அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார்.

"ரசம் வெக்கிற சொம்பு ஈயந்தானேம்மா?"

"ஆமா பாய்."

"வலைக்குக் கட்டுற குண்டும் ஈயம். நம்ம வாய்ல ரெண்டுக்கும் ஒரே பேரு. ஆனா சொம்பு வெள்ளீயம். குண்டு காரீயம். அது வேற, இது வேற. காரீயம் வெஷம். அதுவும் புளிப்புத் தண்ணில ஊறுனா கரையும். உங்க ஊட்டத்தண்ணி புளிப்பு."

"கம்ப்யூட்டர் அனுமதி குடுத்துச்சே பாய்."

"நீ ஈயம்னு சொன்ன. அது சமையல்னு நெனச்சிக்கிச்சி. அதோட தண்ணியில ஈயத்தத் தேடுறதையே விட்ருச்சி. சாம்பல் வெஷத்த மட்டும் தேடிக்கினு கீது, அது கெடைக்கல." அவர் காலால் மண்ணைக் கிளறினார். "இத சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இருபத்திரண்டு மழ இதக் கழுவி அடில இறக்கிடுச்சி. உங்க தண்ணி ஒரு நாள்கூட வெளிய போவல. சுத்திச் சுத்தி அதேதான். ஒரு சொட்டு வீணாவலன்னு சொல்றீங்களே, வெஷமும் ஒரு சொட்டு வீணாவல."

மூன்று முறை அவர் கடிதம் எழுதி லிஃப்டில் வைத்து அனுப்பினாராம். தரையிலிருந்து வந்த தாள் என்று பிரிக்காமலே கொளுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ராணி டக்ட்டின் அடியில் போய் நின்று கூவ ஆரம்பித்திருக்கிறாள்.

"பவளா தேறிடுவாளா?" என்று கேட்டேன்.

"ரத்தத்துல கீறது கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். மண்டைக்கு ஏறுனது... மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற."

ராணி எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். நான் அவள் காலைப் பிடிக்கப் போனேன். தள்ளிவிட்டாள்.

"நீ காட்டிக்குடுத்தன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பவளா வாயப் பாத்தாலே தெரிஞ்சிது. மொத வாரம் உன்ன நாசமாப் போன்னு மண்ண வாரி விட்டேன். அப்புறம் ஷைனி வயித்துவலி நின்னு தேற ஆரம்பிச்சா." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லலேன்னா நான் இவள ஒளிச்சே வெச்சிருப்பேன். நீ செஞ்சதுலதான் எம்பொண்ணு பொழச்சிது. அதான், மொதல்ல உனக்குத்தான் சொல்லணும்னு உம்பேரச் சொல்லிக் கூப்ட்டேன்."

அவள் என்னை அடித்திருக்கலாம். நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருக்கலாம். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் பவளா கண் விழித்தாள். நான் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தண்ணி," என்றாள்.

கொடுத்தேன். குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள், இடது கையால்.

இரண்டு மணிக்குப் பம்பு நின்றது. ராணி என் கையைப் பிடித்து டக்ட்டின் அடிக்கு அழைத்துப் போனாள். நிமிர்ந்து பார்த்தால் இருட்டான பொந்து, அதில் மாடிக்கு மாடி அடுப்படித் திறப்புகளின் வெளிச்சம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. எட்டு, ஒன்பது, பத்து மட்டும் இருட்டு. அது என் கைவேலை.

"நான் தேசம்மா!" என்று கத்தினேன். "உறி கட்டுன தேசம்மா! கேன் அடியில நான் போட்ட ஈயத்த எடுங்க! அது வெஷம்! ஈயத்த எடுங்க!"

மேலே பாத்திரச் சத்தங்கள் நின்றன. எங்கோ ஒரு பெண் கேட்டாள், "எந்த ஈயம்? ரசம் வெக்கிறதா?" யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு.

"அது வேற ஈயம்! இது வேற! சொன்னாக் கேளுங்க, எம்பொண்ணு..."

"தரைக்குப் போனவடி. சாபம் உடுறா. காது குடுக்காதீங்கன்னு அவளேதான் சொல்லிக்கினு இருந்தா," என்றது இன்னொரு குரல்.

ஒரு பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மா, யாரும்மா கூப்டுறது?"

"ஒன்னுமில்ல. வாய மூடு."

பிறகு துணி திணிக்கும் சத்தம்தான். முதலில் இரண்டாம் மாடி அடைந்தது. அப்புறம் ஐந்து, மூன்று, ஏழு. டக்ட்டுக்குள் வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாகக் குறைந்துகொண்டே போயிற்று. ராணி என் முதுகில் கை வைத்தாள். பம்பு மறுபடி ஓட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.